சகலைக்கு நான் தேர்ந்து கொடுத்த தொலைநோக்கி

கல்கத்தாவில், தர்மதலா கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மூக்குக் கண்ணாடியும் பைனாகுலரும் விற்கிற கடையில், இரண்டு தொலைநோக்கிகள் அருகருகே நின்றிருந்தன. ஒன்று வெள்ளை வெளேரென்று நீண்டு ஒல்லியாக, மூன்று மெல்லிய அலுமினியக் கால்களின் மேல் இருந்தது. எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற எண்ணை அதன் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மற்றது ஊரிலேயே யாரோ செய்தது. பருத்த குழாய், அடியில் லென்ஸுக்குப் பதிலாக ஆறு அங்குலக் குழியாடி. தரையோடு ஒட்டிய மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு திரும்பியது. என் சகலை அதைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்து, "மாவரைக்கிற கிரைண்டர் மாதிரி அசையாம உக்காந்திருக்கே அண்ணா. எனக்கு இதான் பிடிச்சிருக்கு" என்றார். "அது வேண்டாம்" என்றேன்.

சகலை என் மனைவியின் தங்கை கணவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, பெஹாலாவில் மளிகைக் கடை வைத்தவர். காப்பிப் பொடி, புழுங்கலரிசி, அப்பளம், வடாம் என்று நம் சமையலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். நான் இயற்பியல் படித்து, ஓர் அரசு நிறுவனத்தில் அதிகாரியாகி, பாலிகஞ்சில் குடியிருந்தேன். தொண்ணூறுகள் முழுக்க வானியல் பத்திரிகைகள் வாங்கிப் படித்தேன். முதல் தொலைநோக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யார் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வேன். மடங்கைப் பார்த்து ஏமாறாதே, குழாய் வாயின் அகலத்தைப் பார், முக்கியமாகக் கால் ஆடாமல் இருக்கிறதா பார். ஆனால் நான் வாங்கவில்லை. அடுத்த வருடம் இதைவிட நல்லது வரும் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன்.

அவரைக் கண்டால் எனக்குப் பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடுவதில் பயனில்லை. நான் இருபது வருடம் இருந்தும் தட்டுத் தடுமாறிய வங்காள மொழியை அவர் சண்டைபோடும் அளவுக்குப் பேசினார். துர்கா பூஜை நாட்களில் தெருவே அவர் கடை வாசலில் நிற்கும். கும்பகோணத்திலிருந்து வரும் எங்கள் மாமனார் என்னை "வாங்கோ மாப்பிள்ளை" என்று எழுந்து வரவேற்றுவிட்டு, அவரோடு உட்கார்ந்து சீட்டாடுவார். எனக்கென்று இருந்தது வானம் ஒன்றுதான். குடும்பத்தில் அதைப்பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஒரு குளிர்காலத்தில், அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதென்று மாமியார் சனிக்கிழமைதோறும் எள் விளக்குப் போடச் சொல்லியிருந்தார். சகலை சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "விளக்கெல்லாம் போட்டுண்டுதான் இருக்கேன். இருந்தாலும் என்னை இந்த ஆட்டு ஆட்டறவனை ஒரு தடவை நேர்ல பாத்துடணும் அண்ணா. எனக்குக் கொஞ்சம் கத்துக் குடுங்கோ. படிக்காதவன்னு பேரோடயே போயிடக் கூடாது."

கடைசி வாக்கியத்தை அவர் சிரிக்காமல் சொன்னார். அது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும், வானமுமா இவருக்கு என்றுதான் என் மனம் போயிற்று.

அதனால்தான் அந்தக் கடையில், பருத்த குழாயின் ஆடி சீக்கிரம் மங்கிவிடும் என்றேன். ஒல்லிக் குழாயைக் காட்டி, "இதுதான் அதிக மடங்கு, இதை எடுத்துக்கோங்கோ" என்றேன். யாருக்கும் தரவே கூடாது என்று நான் படித்துவைத்திருந்த அறிவுரை அது. "அண்ணா சொன்னா சரி" என்று அந்த நிமிடமே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்.

மாமனார் வந்திருந்த சமயம், இருட்டியதும் பெஹாலா மொட்டை மாடியில் தெருவே கூடிவிட்டது. சனி கிழக்கில் நல்ல உயரத்தில் இருந்தது. சகலை அதிக மடங்கு காட்டும் கண்வில்லையைக் குழாயில் பொருத்திக் குனிந்தார். தொட்டால் குழாய் நடுங்கிற்று. யாராவது நடந்தால் கால்கள் ஆடின. அகப்பட்ட ஒளிப்புள்ளி கண் சிமிட்டுவதற்குள் ஓடிப்போயிற்று. குல்லாய் போட்ட பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர், "தாதா, ஷோனி ஆப்னாகே தேகே பாலாச்சே!" என்று கத்தினார். உங்களைப் பார்த்துச் சனியே ஓடுகிறான் என்று அதற்கு அர்த்தம். மாடியே சிரித்தது. சகலையும் சிரித்தார். அந்தக் குளிரிலும் அவர் கழுத்து வியர்த்திருந்தது. "எனக்குத்தான் பாக்கத் தெரியலே" என்று மெல்லச் சொன்னார்.

"படிச்சவா கை படணும். மாப்பிள்ளை, நீங்க பாருங்கோ" என்றார் மாமனார்.

இதற்காகவே நான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டியில் கிடந்த குறைந்த மடங்குக் கண்வில்லையை மாற்றி, கால்களைக் குட்டையாக்கி, அவை ஆடாமலிருக்க நடுவில் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டேன். சில நிமிடங்களில் சனி வந்துவிட்டது; அரிசி மணியளவு, சுற்றிலும் வளையத்தோடு. எல்லோரும் வரிசையாகப் பார்த்து என்னைப் பாராட்டினார்கள். கடைசியாகப் பார்த்த சகலைதான் அதிகம் பாராட்டினார். மறு வாரமே குழாயைப் பெட்டியோடு என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "இதெல்லாம் என்னை மாதிரி ஆளுக்கு இல்லே அண்ணா." நான் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் வானத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பின், இந்த நினைப்பு என்னை விடாததால், பருத்த குழாயும் மரப்பெட்டியுமாக ஒன்று செய்யச் சொல்லி வாங்கி, டாக்சியில் ஏற்றிப் பெஹாலாவுக்குப் போனேன். மாடியில் வைத்துவிட்டு, கடையில் சொன்ன பொய்யையும் அதன் காரணத்தையும் சொன்னேன். அவர் குழாயை விரலால் ஒரு தரம் தள்ளித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாள் பூரா தராசுக்கு முன்னாடி நிக்கறவன் நான். வர்றவா போறவா எல்லாரையும் நிறுத்துப் பாப்பேன். உங்களை மட்டும் நிறுத்ததே இல்லை" என்றார்.

குனிந்து பார்த்தார். பிம்பம் ஆடவில்லை. அது மெதுவாக நகர நகர அவரே விரலால் குழாயைத் தள்ளிப் பின்தொடர்ந்தார். "வளையம் எங்கே? ஒரு கோடுதானே இருக்கு?"

வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பும் காலம் அது. மறுபடி நன்றாக விரியச் சில வருடங்கள் ஆகும் என்றேன்.

"அப்போ அன்னிக்கு நன்னா விரிஞ்சிருந்ததா?"

"ஆமாம்."

"சரி. விரியட்டும், பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்வோம் என்று சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்; குடித்துவிட்டு வந்தேன்.

வளையம் விரிந்தது. சனி மாலையில் தெரியும் மாதங்களில் அவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாராம். தெருவே மேலே ஏறுகிறதாம். சனியின் நிலவைக்கூட அவரே கண்டுபிடித்துக் காட்டுகிறாராம். தங்கையிடம் போனில் கேட்டு என் மனைவி இதைச் சொல்லும்போது நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் நேரில் வந்து அழைக்கிறார். மாடிக்கு மட்டும் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அது நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மாடியில் வரிசையில் நிற்கிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது.