சும்மா இருக்கத் தெரியாத காளியம்மா

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. மலாயாவில், யோங் பெங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பேர் வாசித்தார். வாசித்த பேருக்கெல்லாம் அன்றோடு வேலை இல்லை. காளியம்மாவின் பேர் மூன்றாவதாக வந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் அர்ச்சுனன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. லயத்து வீட்டைக் காலி செய்ய அவளுக்கு அரை நாழிகைகூட ஆகவில்லை.

எல்லோரையும் லாரியில் ஏற்றி, பத்து பாகாட் என்ற ஊருக்கு வெளியே ஒரு நிவாரணக் கொட்டகையில் இறக்கினார்கள். அங்கே ஜெயபாலன் என்ற இளம் கிராணி, கணக்கு எழுதுகிறவர், பெரிய பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரும்மா? இந்தியாவுக்குக் கப்பல்ல அனுப்பணும், ஊரு வேணும்."

"ஆறு வயசுல வந்தேங்கய்யா. அம்மா ஏதோ ஏரி ஏரின்னு சொல்லும்."

"ஏரி இல்லாத ஊரு இருக்கா? பக்கத்துல எந்த டவுனு? சொந்தக்காரங்க யாரு?"

காளியம்மா யோசித்தாள். அம்மா அப்பா இருவரையும் இந்த மண்ணில்தான் புதைத்தது. அதற்கு அப்பால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஜெயபாலன் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொட்டகைக்கு அதிகாரியாக இருந்த துரைக்கு ஒரு கொள்கை உண்டு. சும்மா சோறு போட்டால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள். நிற்க முடிந்தவர்கள் கஞ்சிக்கு வேலை செய்தாக வேண்டும். ஆண்களுக்குக் கல் உடைப்பு, பெண்களுக்குத் தேங்காய் நாரில் கயிறு திரிப்பு. துரை நடந்து வரும்போது, வாயை மூடிக்கொண்டு திரிக்கிறவளை நல்ல ஏழை என்பார். முகம் சுளிக்கிறவளுக்கு மறுநாள் கஞ்சி பாதி. அவர் சொன்னதை ஜெயபாலன் தமிழில் சொல்லும்போது, ஏனோ யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

காளியம்மாவுக்கு அந்த வேலை வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் விடிவதற்கு முன்னே எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவளைப் பார்த்து இன்னொருத்தன் சோம்பேறியா என்று சோதிப்பதா? ஆனாலும் நார் நனைய, உள்ளங்கை வழியாகப் புரி புரியாக இறங்க, பக்கத்தில் பதினைந்து பெண்கள் வம்பு பேசிக்கொண்டே திரிக்க, பொழுது போனது தெரியவில்லை. பிறகு கப்பல்கள் வந்தன. வாரம் இரண்டு பேர், மூன்று பேர் என்று அந்த வரிசை குறைந்தது. ஊர் தெரிந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கடைசியில் திரிக்காமல் கிடந்த நார்க்குவியலுக்கு முன்னால் காளியம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்துநாலில் ரப்பர் விலை கொஞ்சம் ஏறியது. தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். ஆனால் அவளுடைய விரல் முட்டிகள் அதற்குள் வீங்கிப்போயிருந்தன. கத்தி பிடிக்க முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டார். அதே சமயம் துரையும் மாறினார். புதிதாக வந்தவர் வேறு மாதிரி. ஏழையாவது ஏழையின் குற்றமில்லை, அவர்களை வேலை வாங்குவது பாவம் என்றார். அவளை ஆதரவற்றோர் விடுதிக்கு மாற்றினார். கட்டில், போர்வை, மூன்று வேளை சோறு. கயிற்று வேலை அடியோடு கிடையாது.

விடுதியில் எட்டுக் கிழவிகள். பாதிப் பேருக்குக் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி வைத்த சீமாட்டிகள் பிஸ்கட் கொண்டுவந்து, கட்டில் கட்டிலாக நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற ஆறு நாளும் யாரும் வரமாட்டார்கள். காளியம்மா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் முழுக்கத் தன் குரலைத் தானே கேட்கவில்லை என்று படுக்கும்போதுதான் உறைக்கும்.

சமையல்கட்டுக்குப் பின்னால் தேங்காய் மட்டைகள் குவிந்திருந்தன. அவள் நாலைந்தைப் பொறுக்கி, வாளியில் ஊறவைத்து, அடித்து, நார் எடுத்தாள். வீங்கிய விரலால் மெல்லத் திரித்தாள். ஒரு முழம் சேர்ந்த அன்று புதிய துரை பார்த்துவிட்டார். யார் இவளை வேலை வாங்கியது என்று பதறி, கயிற்றைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

"நீங்க கஷ்டப்பட வேணாமாம்மா," என்றார் துரையோடு வந்திருந்த ஜெயபாலன். "நிம்மதியா இருங்கன்னு சொல்றாரு."

"கிராணி ஐயா, அவர்கிட்ட சொல்லுங்க. அப்ப வேலை செய்யாட்டி சோறு இல்லன்னீங்க. இப்ப வேலை செஞ்சா தப்புங்கறீங்க. என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

ஜெயபாலன் துரையிடம் என்ன சொன்னாரோ, துரை புன்னகைத்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. பத்து பாகாட் கடைத்தெருவில், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ருக்னுதீனின் சாப்பாட்டுக் கடை வாசலில் போய் நின்றாள். வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் வாசலுக்கு வரும் ஏழைகளுக்குக் கொடுப்பதுபோல அவர் ஒரு சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.

"வேணாம் நானா. வேலை ஏதாச்சும் இருக்கா?"

ருக்னுதீன் அவள் விரல்களைப் பார்த்தார். "இந்தக் கையால என்னம்மா செய்வ?"

"காலையிலதான் விரல் மடங்காம பிடிச்சுக்கும். உச்சி வெயில் வந்தா சரியாயிடும்."

அவர் உள்ளே போய் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "வெங்காயம் உரி. முடியலன்னா சொல்லிடு. பொட்டலத்தையும் எடுத்துக்க, வேலைக்காரங்களும் இங்கதான் சாப்பிடுறாங்க," என்றார்.

கடைக்குப் பின்னால் விறகு வைக்கும் அறையில் ஒரு மூலை கொடுத்தார்கள். வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய்க் காம்பு என்று அவள் நாள் போனது. சமையல் சத்தத்தில் கடைப் பையன்மாருக்கு அவளோடு பேச அதிகம் இருக்காது. பெருநாள் வந்தால் கடை மூன்று நாள் அடைப்பு. எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போதெல்லாம் காளியம்மா ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆற ஆறக் குடிப்பாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, உரிக்க ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று கூடையைக் கிளறிப் பார்ப்பாள்.