மூன்று நாள் ஹால்ட்டிங்

சொந்தமாக ஒரு டிரெய்லர் வைத்திருக்கிறவனுக்குக் கோபத்துக்குப் பஞ்சமே கிடையாது. பேங்க் டியூ, டயர், டீசல், எல்லாவற்றுக்கும் மேலே புரோக்கர். எனக்கு லோடு பிடித்துத் தருகிறவரின் ஆபீஸ் விம்கோ நகர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். பார்த்தால் வாய் நிறைய "வா மாமு" என்பார். கணக்கை வாங்கிப் பார்த்தால் கேட் செலவு, ஆபீஸ் செலவு என்று முன்னே சொல்லாத பிடித்தமெல்லாம் அதில் முளைத்திருக்கும்.

அந்த முறை கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் ஏற்றிய கன்டெய்னரோடு என் வண்டி துறைமுகத்து வரிசையில் மூன்று நாள் நின்றது. ஓட்டியவர் எண்ணூர்க்காரர், என்னிடம் ஆறு வருஷமாக டிரைவர். ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்து, வண்டிக்குக் கீழே படுத்து, குளிக்காமல் கிடந்தார். இப்படி நிற்கிற நாளுக்குக் கம்பெனி தருகிற காசுக்கு ஹால்ட்டிங் என்று பெயர். புரோக்கர் வழியாக வரும். வந்ததில் பாதி டிரைவருக்கு என்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்கு அந்தக் காசைத்தான் அவர் நம்பியிருந்தார்.

புரோக்கர் கையை விரித்தார். "ஒரு நாளுக்குத்தான் குட்த்தாங்கோ மாமு, நான் இன்னா பண்ண?"

அந்த ஒரு நாள் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "ஒண்ணுமே வரலப்பா" என்று டிரைவரிடம் நானும் கையை விரித்தேன். டயர் மாற்றிய மாதம், எனக்கும் முடை. அவர் பாதி ஃபீஸைக் கட்டிவிட்டு மீதிக்கு காலேஜில் தவணை கேட்டார்.

அடுத்த லோடு ஏற்றப் போனபோது அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் அவரிடம் கடுகடுத்திருக்கிறார், மூன்று நாளுக்கும் முழுசாகக் கொடுத்தோமே, இந்தத் தடவையாவது சீக்கிரம் போய்ச் சேருங்கள் என்று. டிரைவர் வந்து சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்! சாட்சிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு நேராக புரோக்கர் ஆபீசுக்குப் போனேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

புது லோடின் கேட் சீட்டு என் கையில் இருந்தது. அது இல்லாமல் புரோக்கர் கம்பெனிக்கு பில் போட முடியாது. "காசு வந்தாத்தான் சீட்டு. மூணு நாளு மனுசன் ரோட்ல கெடந்துகீறாரு. அவரு வவுத்துல அடிச்சி நீ இன்னா சொத்து சேக்கப் போற?" என்று கத்தினேன்.

புரோக்கரும் எழுந்தார். "இன்னா நைனா, ஓவரா பேசற? ஒரு நாள் காசு அப்பவே உன் கையில குட்த்தனா இல்லியா? அதுல பாதிய இவருக்குக் குட்த்தியா? இங்கதான நின்னுகினு கீறாரு, கேளு!"

டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணன் அன்னிக்கே குட்த்துட்டாரு," என்றார் புரோக்கரிடம். "மீதி ரெண்டு நாளத்த நீ எடு."

புரோக்கர் முனகிக்கொண்டே எண்ணி வைத்தார். சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. மூன்று நாளுக்கும் அவர் பங்கை எடுத்து, மேலே கொஞ்சம் சேர்த்து நீட்டினேன். நின்று நிதானமாக எண்ணினார். தன் பங்கை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு, அதிகப்படியை என் உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் வண்டிச் சாவியையும் வைத்தார்.

"நாளைலருந்து வேற ஆளப் பாத்துக்கோண்ணே," என்றார்.