ஈர விறகு

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பழமொழி சொன்னவர் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தவர் இல்லை போலிருக்கிறது. வந்திருந்தால் மார்கழிப் பனி நெஞ்சைத் துளைப்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. நாமக்கல் வெயிலில் அது பாட்டுக்குத் தூங்கிக் கிடந்தது. மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக ஏறி வந்த முதல் பனிக்காலத்திலேயே விழித்துக்கொண்டது. துவைத்த சேலை காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், போர்வையே ஈரமாக இருக்கும். எதைச் செய்தாலும் அலுப்பாக இருந்தது.

பனிக்காலத்தில் இந்த ஊர் கூடுவது தீயைச் சுற்றித்தான். விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் விறகைப் போட்டு மூட்டுவார். மிளகு பறிக்க ஆள் கேட்பது, காய்ச்சல்காரர்களை விசாரிப்பது, கோயில் பொங்கலுக்கு நாள் பார்ப்பது எல்லாம் அங்கேதான். நானும் போனேன். சுட்ட குச்சிக்கிழங்கு தின்றேன், சிரித்தேன். அன்றைக்கெல்லாம் வகுப்பில் பாதிப் பாடம் இருமலிலேயே போனது.

மலையிறங்கிப் போய்ப் பார்த்த டாக்டர் ஒரே வார்த்தையில், "புகை ஆகாதும்மா" என்றார். தீப்பக்கம் போவதை நிறுத்தினேன். வந்ததும் வராததுமாக நோயாளி டீச்சர் என்று பேர் வாங்க மனமில்லாமல் காரணத்தைச் சொல்லவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பதும் பொய்தான். "டீச்சருக்கு நம்மகூட உக்கார ஆகாதாட்ட இருக்குது" என்ற பேச்சு தானாகவே புகைந்து என் காதுக்கு வந்தது.

மூச்சு கொஞ்சம் தேறியது. நான் தேறவில்லை. பள்ளி விட்டால் வீடு, வீடு வந்தால் சாத்திய கதவு. ஒருத்திக்காக உலை வைக்கப் பிடிக்காமல் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தேன். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டால் கோபம்கூட வந்தது. தனியாக இருந்து இருந்து சலித்துப் போனேன்.

ஒருநாள் அக்காவே வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், எங்க மேல என்னங்க கோவம்?"

"ஐயோ, கோவமெல்லாம் இல்லீங்கக்கா. புகை பட்டா எனக்கு இளைப்பு வந்துருது" என்று இன்ஹேலரைக் காட்டினேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட சாமி, இதச் சொல்றதுக்கென்னங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் புகை வாசனையே இல்லை. கதவைத் திறந்தேன். கிழக்குப் பார்த்த என் வாசலில்தான் பனியைத் தாண்டிக் கொஞ்சம் வெயில் விழும். அந்தத் துண்டு வெயிலில் தீயைச் சுற்றி உட்காரும் அத்தனை பேரும் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"வெறகெல்லாம் ஈரமாப் போச்சுங்க, தீயே புடிக்கல. அதான் இங்க வெயில் காயலாம்னு வந்தோமுங்க" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்குப் பல் தந்தியடித்தது.

அவர் தலைக்குப் பின்னால், அவர் வீட்டு இறவாரத்தில் தார்ப்பாய் மூடிய விறகு சருகாகக் காய்ந்து கிடந்தது.

"ஆமாங்க, இந்தப் பனியில வெறகு எங்கங்க காயுது?" என்றேன். நகர்ந்து இடம் விட்டார்கள்.

மாசி முடியும் வரை அந்த விறகு காயவே இல்லை.