மாடியில் ஒரு சினை மாடு

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ரூமுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. அந்த அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கல் அடங்குவதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி -

"தம்பி, மாட்டை மாடியிலயா கட்டியிருக்கீங்க?"

மேற்குத் தாம்பரம். மொட்டை மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே ஒரு ரூம். அதில் நானும் நண்பன் செல்வமும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் குடியிருப்பதே வீட்டு ஓனரின் கருணை. இதில் மாடு எங்கிருந்து வந்தது?

சொல்கிறேன். முள்ளங்கிக் கீரையிலிருந்து வந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் சமையல் பைத்தியம் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் புத்தகத்தில் போட்டிருப்பதைக் கொஞ்சம் சீரியஸாகவே எடுத்துக்கொள்வேன். 'சரிவிகித உணவு' என்று அறிவியலில் ஒரு பாடம் வரும், ஞாபகம் இருக்கிறதா? பால், முட்டை, பழம், பச்சைக் காய்கறி என்று படம்கூடப் போட்டிருப்பார்கள். எல்லோரும் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். நான் சாப்பிடுவதற்குப் படித்தேன்.

படத்துக்குக் கீழே விலை போடவில்லை. அதுதான் சிக்கல்.

ஆளுக்கு வாரம் நாற்பது ரூபாய். அரிசி தவிர மற்ற அத்தனையும் அதற்குள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன் - சத்து எல்லாம் மற்றவர்கள் தூக்கிப் போடுகிற பகுதியில்தான் இருக்கிறது! பீர்க்கங்காய்த் தோலில் துவையல். காலிஃப்ளவர் தண்டில் சாம்பார். தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு. எல்லாவற்றுக்கும் மேலே முள்ளங்கிக் கீரை. முள்ளங்கி வாங்குகிறவர்கள் தழையைத் திருகிக் கடையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்... பாவம். அதைப் பொடியாக நறுக்கி, ஊற வைத்த பயத்தம்பருப்பு சேர்த்து, பூண்டைத் தட்டிப் போட்டு, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு வதக்கிப் பாருங்கள். தேங்காய் வாங்க வசதி இருந்தால் தூவுங்கள். இல்லாவிட்டாலும் குறை தெரியாது.

சமையல் என் இலாகா. மார்க்கெட் செல்வத்தின் இலாகா. செல்வம் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். யூனிஃபார்மை இஸ்திரி போடாமல் மாட்ட மாட்டான். அந்த யூனிஃபார்மோடு போய், கன்னியம்மா அக்கா கடையில் கீழே கிடந்த தழையைக் கேட்டிருக்கிறான்.

"இன்னா நைனா, மாட்டுக்கா?"

பக்கத்தில் கம்பெனி சூப்பர்வைசர் நின்று வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லக்கா, எனக்கு" என்று சொல்ல எந்த வாலிபனுக்கு வாய் வரும்? ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

அப்படிப் பிறந்தது மாடு. வாராவாரம் வளர்ந்தது. அக்கா பேர் கேட்டபோது லட்சுமி ஆனது. வெயில் காலத்தில் தழை குறைந்தபோது, வேறு வழியில்லாமல், சினையானது. அன்றிலிருந்து அக்கா ரெட்டைப் பங்கு எடுத்து வைக்க ஆரம்பித்தார். கன்று போட்டதும் சீம்பால் தனக்குத்தான் என்று சொல்லியும் வைத்தார்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மாசம் நெருங்குகிறது... யார் ஈனுவது?

இந்த நேரத்தில்தான் செல்வத்துக்கு சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பி.காம். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவன் நைட் ஷிஃப்டுக்குக்கூட ஷேவ் பண்ணிக்கொண்டுதான் போனான். இதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம் 'பையனுக்குச் சொந்த வீடு இல்லை' என்று தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். "அவ்ளோதான் மச்சான், இதோட முடிஞ்சுது" என்று என்னிடமும் சொன்னான்.

பெண் கொடுக்கிறவர்கள் சும்மா கொடுப்பார்களா? சொல்லாமல் கொள்ளாமல் தாம்பரம் வந்து விசாரித்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர், "ஞாயித்துக்கிழமை ஆனா அந்தக் காய்கறிக் கடையில நிப்பாரு" என்று கையைக் காட்ட, கன்னியம்மா அக்கா நற்சான்றிதழ் வழங்கிவிட்டார். தங்கமான பிள்ளை. பீடி, சிகரெட் கிடையாது. வாடகை ரூமில் இருந்துகொண்டே சினை மாடு வைத்துக் காப்பாற்றுகிறது!

பெண்ணின் அப்பாவுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை. ஆனால் வீட்டின் பின்னால் இன்னமும் மூன்று பசு கட்டியிருக்கிறார். மனிதருக்கு உடனே மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. நேரே மாட்டைப் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டார்.

"மேயப் போயிருக்கு சார்" என்றான் செல்வம்.

"சினை மாட்டையா? இந்த வெயில்லயா?"

செல்வம் என்னைப் பார்த்தான்.

"எத்தனாவது ஈத்து?"

மறுபடியும் என்னைப் பார்த்தான். பாடப்புத்தகத்தில் அது இல்லை.

"சரி, வரட்டும். பாத்துட்டே போறோம்" என்று பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வராத மாட்டுக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க முடியும்? மரியாதைக்கு, "சாப்பிடலாமே" என்றேன். சனிக்கிழமை என்பது எங்கள் வாரத்தின் கடைசி நாள். இருந்தது ரசம், முள்ளங்கிக் கீரைப் பொரியல், இரண்டு பேருக்கு அளந்து வடித்த சோறு. சாப்பிட்டுவிடப் போகிறார்களே என்று சோற்றுப் பானையை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, அவர் கையை ஆட்டிவிட்டார். பேச்சு முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்களாம். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தமாம். அவர்கள் வழக்கம் அது. எனக்கு அந்த வழக்கத்தின் மேல் பெரிய மரியாதை வந்தது.

அந்த அம்மா ரூமைச் சுற்றிப் பார்த்தார். பழைய லுங்கியைத் திரையாகக் கட்டி ஒதுக்கிய சமையல் மூலைக்குள் போனார். பெண் கொடுக்கிற இடம், பார்க்கத்தானே செய்வார்?

நேரம் போனது. இவர் இங்கே, மாட்டுக்கு என்ன தீவனம், தவிடா புண்ணாக்கா என்று ஆரம்பித்தார். செல்வத்தின் நெற்றியில் வேர்வை. கூரை அனலா, கேள்வி அனலா, தெரியவில்லை. பொறுக்க முடியாமல் நான் சொல்லிவிட்டேன்.

"மாடு இல்ல சார். அந்தத் தழையை நாங்கதான் சாப்பிடறோம்."

கீழே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போவது தெளிவாகக் கேட்டது.

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செல்வத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"இல்லாத மாட்டை இருக்குதுன்னு சொன்னவரு, நாளைக்கு இருக்கிற பொண்டாட்டிய இல்லன்னு சொல்ல மாட்டீங்களா?"

நியாயமான கேள்விதான்.

"பத்மா, வா போலாம்."

பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். லுங்கித் திரை விலகியது. அந்த அம்மா வாயை மூடியபடி மெதுவாக... மென்றுகொண்டிருந்தார்.

"என்னாது வாயில?"

"ஒண்ணுமில்லைங்க. உப்பு பாத்தேன்."

"கை நனைச்சிட்டியா?"

"நனைக்கலைங்க. விரலாலதான் எடுத்தேன்."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வாணலியில் பாதிப் பொரியலைக் காணோம். உப்புப் பார்ப்பதில் இவ்வளவு பொறுப்பாக ஒருவரை நான் பார்த்ததில்லை.

அவர் மனைவியைப் பார்த்தார், வாணலியைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"போடுங்க தம்பி. ஒருத்தர் நனைச்சா என்ன, ரெண்டு பேரு நனைச்சா என்ன."

இரண்டு பேர் சோற்றை இரண்டு பேர் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு பேர் நாங்கள் இல்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார் மனிதர். சிக்கனச் சமையல் பற்றி ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்களே, ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. மலிவாகச் சமைப்பது சுலபம். அது ருசியாக இருந்துவிட்டால்தான் கட்டுப்படியாகாது.

கை கழுவியதும் அந்த அம்மா, சமைத்தது யார் என்று கேட்டார்.

செல்வத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கண்ணில் அவ்வளவு ஆசை. தன் பெண்ணைப் படிக்க வைத்ததில் அடுப்பங்கரைப் பக்கம் விடவே இல்லையாம். சுடுதண்ணீர் வைக்கச் சொன்னால் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பாளாம். சமைக்கத் தெரிந்த மாப்பிள்ளை கிடைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்றார். ஒரு 'நான்தான்' சொன்னால் போதும். கல்யாணம் முடிந்த மாதிரி.

செல்வம் என்னைக் கை காட்டினான்.

"இவன்தாங்க சமைச்சான். எனக்கு ஸ்டவ்வுக்கு பம்ப் அடிக்கத்தான் தெரியும்."

அந்த அம்மாவின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. "தம்பிக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா?"

எனக்குக் காதுக்குள் 'ஙொய்' என்றது. செல்வத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. நல்லவேளை, பெண்ணின் அப்பா குறுக்கே வந்தார். "பத்மா, நாம யாரைப் பாக்க வந்தோம்? புள்ள இப்ப உண்மையத்தானே சொல்லுது" என்றார்.

அந்த அம்மா யோசித்தார். கடைசியில் செல்வத்திடம் சொன்னார்.

"தை மாசம் வரைக்கும் டைம் இருக்குப்பா. கத்துக்கோ. நடுவுல நான் வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். உன் கையால ஒரு ரசம் வெச்சுக் குடு. அப்பறம் பத்திரிகை அடிக்கலாம்."

படியிறங்கும்போது மீதிப் பொரியலை அந்த மஞ்சள் பையில் ஒரு டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு போனதைக் குறிப்பிடாவிட்டால் வரலாறு என்னை மன்னிக்காது. பெண்ணுக்காம்.

ஒரு வாரமாக எங்கள் ரூமில் ரசம். காலையில் புளித்த ரசம், ராத்திரி கரித்த ரசம். படியில் காலடிச் சத்தம் கேட்டால் செல்வம் கரண்டியோடு எழுந்து நிற்கிறான். என் சரிவிகிதம் சரிந்து கிடக்கிறது. ஆனால் நேற்று வைத்தது பரவாயில்லை, குடிக்க முடிந்தது.

மாப்பிள்ளை முறுக்கு என்று நாட்டில் ஒன்று உண்டு என்பார்கள். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார்.