பழைய காற்று

திருவெறும்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போர் விமானத்துக்குள் பொருத்தும் சிறிய கம்ப்யூட்டருக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். இந்தக் கணத்தில் குண்டைப் போட்டால் அது எங்கே விழும் என்று உயரம், வேகம், காற்று மூன்றையும் வைத்து அந்தக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். விமானியின் கண்ணெதிரே உள்ள திரையில் அந்த இடம் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும்.

போன வருஷம் ஒரு பிற்பகலில் ஆபீஸிலேயே மாதிரிப் பறப்பில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பழகிய வரைபடம் என்பதால் கொள்ளிடத்து மணலை இலக்காக வைத்திருந்தேன். எங்கள் ஆலோசகர் பக்கத்தில் இருந்தார். ஓய்வு பெற்ற போர் விமானி. காற்றின் அளவு வரும் இணைப்பை நடுவில் துண்டித்துவிட்டு, மாதிரிக் காற்றை வடக்கிலிருந்து பலமாக வீசச் செய்தேன். புள்ளி அசையவே இல்லை. கடைசியாக வந்த பழைய காற்றை வைத்தே கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. புதிய காற்றில் குண்டு உண்மையில் விழக்கூடிய இடத்தைத் தனியாக வரைபடத்தில் பார்த்தேன். தென்கரையைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு.

வெறும் எண்கள்தான். ஆனாலும் மணியைப் பார்த்தேன். அந்நேரம் என் மகள் ஸ்கூல் விட்டு அந்தத் தெருவில் சைக்கிளில் வந்துகொண்டிருப்பாள்.

“இணைப்பு போனா புள்ளி மறைஞ்சிடணும் சார்” என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “புள்ளி தெரிஞ்சா நம்பிடுவோம்மா. நானும் நம்பியிருக்கேன்.”

“அப்புறம் என்ன ஆச்சு சார்?”

“வேற எங்கேயோ புகை வந்துது. கீழ யார் இருந்தாங்கன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. நானும் கேக்கல.”

அன்றே புரோகிராமைத் திருத்தினேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. “ஆர்டர் கொடுத்தவங்க கேக்காததை எதுக்குங்க சேக்குறீங்க? புள்ளி மறைஞ்சா கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்பாங்க” என்றார். ஆலோசகர் விடவில்லை. கடைசியில் பழையது, திருத்தியது இரண்டையும் அனுப்பி, எது வேண்டுமோ அதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது.

எதை எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு மேலாளரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்க. கேக்கவும் கூடாதுங்க” என்றார்.

ஆலோசகர் இப்போது வருவதில்லை. எனக்கு அடுத்த வேலை கொடுத்துவிட்டார்கள்: விமானம் ஒருமுறை கடந்து போகையில் வரிசையாக விழும் குண்டுகளுக்கு அதே கம்ப்யூட்டர் கணக்குப் போட வேண்டுமாம்.