மகுடத்தைக் கழற்றும் கட்டம்

என் அலமாரியின் மேல் ஒரு மகுடம் இருக்கிறது. பிஸ்கட் டின்னைக் கத்தரித்து, விளிம்பை மடக்கித் தட்டி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டிச் செய்தது. தாளெல்லாம் உரிந்து, டின் துருப்பிடித்துவிட்டது. வீடு துடைக்கும்போதெல்லாம் என் மகள், "அம்மா, இந்தக் குப்பையத் தூக்கிப் போடுங்கலா" என்பாள். போட்டுப் பார், கையை ஒடிக்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது என் மாமாவின் மகுடம். அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். திகாம் பத்து என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், திருவிழா நாடகம் என்றால் மாமாதான் ராஜா.

வருடா வருடம் ஒரே கதைதான். பகைவன் கோட்டையை வளைத்துக்கொள்கிறான். ராஜா தனியாக வந்து சரணடைந்தால் ஊரை விட்டுவிடுகிறேன் என்று ஓலை அனுப்புகிறான். அந்தக் கட்டம் வந்ததும் ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிடுவார். மாமா பேச மாட்டார், பாட மாட்டார், அழவும் மாட்டார். மகுடத்தைத் தானே கழற்றிக் கோட்டை வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார். அவ்வளவுதான். தோட்டத்துக் குடியிருப்பான லயத்துப் பெண்களெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் வீட்டுச் சொத்தைப் பார்ப்பதுபோலப் பெருமையாகப் பார்ப்பாள். அப்பாவுக்குத்தான் அது பிடிக்காது. "ஒரு பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. செத்த வீடாட்டம் நிக்கிறீங்களே மச்சான்" என்பார். அவர் பாட்டுப் பைத்தியம். இந்த ஒரு கட்டத்தை வைத்தே இருவரும் மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். அது சண்டையே இல்லை, அவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

ஜப்பான்காரன் காலத்தில் நாடகம் நின்றுபோனது. பால்மரத்தில் கத்தி வைப்பதும் நின்று, எல்லாரும் மரவள்ளி நட்டுத் தின்றோம். துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்போதுதான் ஒருநாள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி லயத்துக்கு வந்து, சுங்கைப்பட்டாணி பட்டணத்தில் படம் காட்டுகிறார்கள், காசு வேண்டாம், ஆண்களை லாரியே வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். படம் எது தெரியுமா? நம் நாடகக் கதையே. போருக்கு முன்பு எடுத்த பேசும் படம். மாமாவுக்கு நிலைகொள்ளவில்லை. அந்த ராஜா மகுடத்தை எப்படிக் கழற்றுகிறான் என்று பார்த்தே தீர வேண்டும். அப்பாவுக்குப் பாட்டு. அம்மாவுக்கு மட்டும் அந்த இலவசம் உறுத்தியது.

"சோத்துக்கே வழிய காணோம், படத்த மட்டும் எதுக்கு ஓசியில காட்டுறான்? அதுவும் ஆம்பளைங்களுக்கு மட்டும்?" என்று கேட்டாள். "ஒரே ஒரு கட்டம் தங்கச்சி, பாத்துட்டு ஓடி வந்துடுறோம்" என்று மாமா கெஞ்சினார். அம்மா எழுந்து போனாள். அப்பாவிடம் இருந்த ஒரே வேட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே அதைப் பிழிந்து, ஈரத்தோடு இடுப்பில் சுற்றிக்கொண்டு லாரியில் ஏறினார். லாரி திரும்பும்போது அந்த வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

பொழுது சாயும் நேரத்தில் மாமா தனியாக நடந்து வந்தார். ரயில் தண்டவாளத்தோடு வந்ததில் காலெல்லாம் கரி. வாசலில் நின்றபடியே திட்டத் தொடங்கினார். "இவனா ராஜா? பொண்டாட்டி மடியில விழுந்து ஒப்பாரி வைக்கிறான்! மகுடத்த மந்திரி வந்து கழட்டுறான், இவன் சின்னப்புள்ளையாட்டம் தலைய நீட்டுறான். அதுக்கு ஒரு பாட்டு வேற! தூன்னு எழுந்து வந்துட்டேன்." அம்மாகூடச் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "அவரு எங்கண்ணே?" "வாங்க மச்சான் போவோம்னு கூப்புட்டேன். நல்ல பாட்டு, சும்மா உக்காருங்க, இல்லன்னா நீங்க போங்க, நான் லாரியில வரேன்னாரு."

லாரி வரவில்லை. மறுநாள் பெண்கள் கூட்டமாகப் பட்டணத்துக்குப் போனார்கள். கொட்டகை வாசலில் கச்சான் கடலை விற்றவர்தான் நடந்ததைச் சொன்னார். படம் முடியும்வரை விட்டுவைத்து, பிறகு கதவை மூடி, துப்பாக்கி முனையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். சயாமுக்கு, ரயில் பாதை போட. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர் மாமா ஒருவர்தான்.

அப்புறம் என்ன, லயத்தில் கேட்க வேண்டுமா? படம் பிடிக்கவில்லை என்று எந்த மனிதனாவது எழுந்து வருவானா? ஓசிப் படத்தை? வாசலில் காவல் இருந்திருக்காதா, இவனை மட்டும் ஜப்பான்காரன் எப்படி விட்டான்? ஆள் பிடித்துக் கொடுக்க எவ்வளவு வாங்கினான்? போதாத குறைக்கு, ஆள் பற்றாமல் கிராணி மாமாவை மரவள்ளிக்குக் காவல் வைத்தார். நோகாத வேலை. போதும், ஊர் முடிவு கட்டிவிட்டது. மாமா குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். படத்தில் மேற்கொண்டு என்ன நடந்தது, சொல் பார்ப்போம் என்று ஒருவர் மடக்கினார். "தெரியாதுங்க, நான்தான் வந்துட்டேனே" என்றார் மாமா. அதையும் யாரும் நம்பவில்லை.

அம்மாவும் நம்பவில்லை. அதுதான் எனக்கு ஆறாத வேதனை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு முறை மாமா, "நான் பொய் சொல்லுவேனா தங்கச்சி?" என்று கேட்டபோது, அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "திரும்பிப் பாக்காம வர்ற வேஷம்தான் உங்களுக்கு நல்லா வருமே" என்றாள். மாமா பாதிச் சோற்றில் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அப்போது நான் சிறு பிள்ளை என்றாலும் அந்தச் சொல் என்னையும் சுட்டது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், புருஷனைப் பறிகொடுத்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? எனக்கும்கூட மாமா தூங்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் வந்துவிட்டது. எதைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேனோ!

போர் முடிந்தது. நாடகம் திரும்பத் தொடங்கியது. மாமாவோடு மேடையேற ஒருவரும் வரவில்லை. ராஜா வேஷம் வேறொருவருக்குப் போனது. மாமா தன் மகுடத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். அவருக்காகச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

நான் தாவணி போட்ட பிறகு, திகாம் பத்து கடைச் சுவரில் அந்தப் படத்தின் சுவரொட்டியைப் பார்த்தேன். பழைய படம், சுங்கைப்பட்டாணியில் மறுபடி ஓடுகிறது. வந்து சொன்னேன். அன்றுவரை சினிமாக் கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அம்மா, "பகல் ஆட்டம் இருக்கா?" என்று கேட்டாள். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே கொட்டகை. உள்ளே நுழைந்ததும் அம்மா கதவுகளைத்தான் முதலில் பார்த்தாள், எத்தனை, எந்தப் பக்கம் திறக்கிறது என்று. காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் கைக்குள் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

கட்டம் வந்தது. மாமா சொன்னது அப்படியே. ராஜா ராணியின் மடியில் விழுந்தான், மந்திரி வந்தான், இவன் தலையை நீட்டினான், பாட்டுத் தொடங்கியது. மாமா பொய் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் திரும்பினால் அம்மாவின் நாற்காலி காலி. எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன். வெயிலில் நின்று மூக்கைச் சிந்தினாள். "த்தூ, இதையெல்லாம் மனுஷன் பாப்பானா?" என்றாள். அதன் பிறகுதான் தான் என்ன சொன்னோம், எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் மாமா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அவர் எதிரில் போய் நின்றாள். "என்னண்ணே, ராஜாவ இப்படி அழ வச்சிருக்கானுங்க" என்றாள். மாமாவின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. அண்ணே என்ற அந்தச் சொல்லுக்காக இத்தனை வருடம் காத்திருந்த மனிதர், "நான்தான் சொன்னேனே தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். மேடையில் ஒருநாளும் அழாதவர்.

இப்போது அதே கதையை வண்ணத்தில் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். போன வாரம் மகள் தொலைக்காட்சியில் போட்டாள். அதிலும் மகுடத்தை வேறொருவன்தான் கழற்றுகிறான், அதிலும் பாட்டு. நான் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம்தானம்மா, முடிவ பாத்துட்டுப் போங்கலா" என்று அவள் கூப்பிட்டாள். அலமாரியின் மேலிருந்த மகுடத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அந்தப் படம் எப்படி முடிகிறது என்று மாமாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் அப்பா ஒருவர்தான்.