அம்மாவின் காதில் பச்சைக் கறை

சிங்கப்பூரில், எங்கள் பிடோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையை இன்று காலை என் மருமகள் பட்டறையாக்கிவிட்டாள். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து, சின்னக் குறட்டால் கம்பியை வளைத்துக் காது வளையம் செய்கிறாள். "அத்தை, ரொம்ப ஈஸி லா. காதைக் காட்டுங்க" என்றாள். காட்டவில்லை. அவள் கம்பி நுனியை ராவுகிற சத்தத்தில் எனக்கு வாயெல்லாம் மரவள்ளிக்கிழங்கு ருசி.

மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக இருந்த ஜப்பான்காரன் காலத்தில் தேக்காவில், கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போனார்கள். அடுத்துப் போனது அம்மாவின் தோடு. அரிசியாகி, கஞ்சியாகி, கரைந்தே போனது. என் பள்ளிக்கூடமும் அத்தோடு நின்றது. அதனால் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள், அவசரமில்லை.

குண்டு விழுந்த வீட்டு இடிபாட்டிலிருந்து அம்மா மின்சார வயர்த் துண்டொன்றைப் பொறுக்கி வந்தாள். அடுப்பில் காட்டினால் மேல் ரப்பர் கருகும். அந்த நாற்றம் பாய் தலையணை வரை ஏறும். உள்ளே செம்புக் கம்பி. சும்மா கிடந்த என் பென்சிலில் அதைச் சுற்றி வளையமாக்கி, நுனியைப் படிக்கல்லில் தேய்த்து, புளி போட்டு விளக்கினாள். காது புண்ணாகக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் தடவி மாட்டிக்கொண்டாள். அதுதான் வினை. எண்ணெய் பட்ட செம்பு பச்சை பூத்து, காதிலும் கறையாக ஏறிவிட்டது.

பக்கத்து அறை மங்களத்தக்கா விடுவாளா?

"ஏண்டி, சோத்துக்கே வழியக் காணோம், ஒனக்குக் காதுக்கு அலங்காரமா? தொட்டா கரண்டு அடிக்கப்போவுது!"

"வெறுங்காதோட நின்னா நீங்கல்லாம் சேந்து எம் புருசனுக்குக் காரியமே பண்ணிருவீங்க. சும்மா இருங்கக்கா."

அப்பா இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லத்தான் அந்தக் கம்பி. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து, ரயில் பாதைக்குப் போன ஆட்கள் திரும்பத் தொடங்கியதும் அம்மா தினமும் வளையத்தைப் புளி போட்டு விளக்கினாள். ஒருநாள் அப்பாவோடு வேலை செய்தவர் வந்தார், எலும்பும் தோலுமாக. வாயைத் திறந்தவர் அம்மாவின் காதைப் பார்த்தார். பளபளவென்றிருந்தது. பார்வையை எடுக்கவே இல்லை.

"அண்ணன்... பின்னால வருவாருக்கா" என்றார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே இறங்கிப்போனார். சன்னல் வழியாகப் பார்த்தோம். கீழே நடைபாதைத் தூணில் தலையை முட்டி அழுதுகொண்டிருந்தார். அம்மாவும் பார்த்தாள். புளிப் பானையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் வேலைக்குப் போய்த் தங்கத் தோடு வாங்கிக் கொடுத்தபோதும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. "அவரு வரட்டும்" என்றாள். கடைசியில் வளையம் அவள் காதோடேயே போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கடைவீடு இல்லை, மங்களத்தக்கா இல்லை. மருமகள் செய்கிற கம்பி கறுக்காதாம், கறை விடாதாம். நல்லதுதான். எனக்குத்தான், பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முதலில் காதைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. எந்தக் காதிலும் பச்சை இல்லை.